வெப்சைட் உங்களுக்கு மட்டும் திறக்க மாட்டேங்குதா? டி.என்.எஸ் கேஷை ஒருமுறை க்ளியர் பண்ணிப் பாருங்க!

ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை 4 மணிக்கு என் சித்தி பொண்ணு போன் பண்ணினாள். குரலே உடைஞ்சு போயிருந்தது.

"அக்கா, சைட் ஓப்பனே ஆகலை. மதியத்துல இருந்து ட்ரை பண்றேன். ஆனா என் ஃப்ரெண்ட் அவ வீட்ல இப்பதான் அப்ளை பண்ணி முடிச்சாளாம். 5.45-க்கு க்ளோஸ் பண்ணிடுவாங்க."

அதுக்குள்ள அவள் செய்யாத வேலை இல்லை. பிரவுசர் ஹிஸ்டரியை மொத்தமா அழிச்சிருக்கா. கூடவே சேவ் பண்ணி வெச்சிருந்த பாஸ்வேர்டுகளும் காலி. பிரவுசரை அன்இன்ஸ்டால் பண்ணி, திரும்ப இன்ஸ்டால் பண்ணியிருக்கா. தெருமுனை சர்வீஸ் கடையில கேட்டதுக்கு, "லேப்டாப்பை விட்டுட்டுப் போம்மா, ஃபார்மேட் பண்ணணும், 600 ரூபாய் ஆகும், நாளைக்கு வா"ன்னு பதில் வந்திருக்கு. நாளைக்கு வந்து என்ன பண்றது?

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "உன் போன்ல வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, மொபைல் டேட்டால அந்த சைட்டைத் திறந்து பாரு."

போனில் உடனே திறந்தது. லேப்டாப்பில் மட்டும் திறக்கலை. முந்தின நாள் அந்தத் தளத்தில் 'பராமரிப்புப் பணி' என்று அறிவிப்பு போட்டிருந்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தளத்தைப் புது சர்வருக்கு மாத்தியிருப்பாங்க, இவள் லேப்டாப் இன்னும் பழைய விலாசத்துக்கே போய்க்கிட்டிருக்கு என்று புரிந்தது. ஒரே ஒரு வரி கமாண்ட் சொன்னேன். வைஃபை ரவுட்டரையும் ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன். 4.20-க்கு சைட் திறந்தது. 5.10-க்கு அப்ளிகேஷன் நம்பரோட ஸ்க்ரீன்ஷாட் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது.

அந்த ஒரு வரி கமாண்ட் செய்யும் வேலைக்குப் பெயர், டி.என்.எஸ் கேஷ் க்ளியர் பண்றது. லேப்டாப், போன் வெச்சிருக்கிற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இது. எப்போ இது வேலை செய்யும், எப்போ செய்யாதுன்னு தெரிஞ்சுக்கிறது அதைவிட முக்கியம்.

டி.என்.எஸ்னா என்ன பாஸ்?

கம்ப்யூட்டருக்கு வெப்சைட்டோட பெயர் முக்கியமில்லை. அதுக்குத் தேவை எண். 203.0.113.25 என்பது மாதிரி ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் ஐ.பி முகவரி இருக்கும். நீங்க பெயரை டைப் பண்ணினதும், அந்தப் பெயருக்கான எண் எது என்று தேடிச் சொல்லும் ஏற்பாடுதான் டொமைன் நேம் சிஸ்டம், சுருக்கமா டி.என்.எஸ்.

இது வருவதற்கு முன்னாடி, அர்பாநெட் காலத்தில், எல்லா கம்ப்யூட்டர்களின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அந்தப் பட்டியலைப் பராமரித்தது. மத்தவங்க எல்லாரும் அதை அவ்வப்போது காப்பி எடுத்துக்குவாங்க. கம்ப்யூட்டர்கள் பெருகப் பெருக, ஒரே பட்டியல் தாங்கலை. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர் டி.என்.எஸ் முறையை வடிவமைத்தார். ஒரே இடத்தில் எல்லாத்தையும் வைக்காமல், பொறுப்பைப் பிரித்துக் கொடுத்ததுதான் அதன் பலம்.

இப்போ நீங்க டாட் இன் என்று முடியும் ஒரு தளத்தைத் திறக்கிறீங்கன்னு வைங்க. உங்க இன்டர்நெட் நிறுவனத்தின் டி.என்.எஸ் சர்வர் முதலில் ரூட் சர்வரிடம் கேட்கும். உலகத்துக்கே ரூட் சர்வர் பெயர்கள் 13-தான். ஆனால், ஒவ்வொரு பெயரிலும் பல ஊர்களில் பல இயந்திரங்கள் வேலை செய்கின்றன. ரூட் சர்வர், 'டாட் இன் பத்தி அவங்ககிட்ட கேளு' என்று கைகாட்டும். டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நம்ம நாட்டின் நிக்ஸி அமைப்பு. அங்கிருக்கும் சர்வர், 'அந்தத் தளத்தோட சொந்த டி.என்.எஸ் சர்வர் இது' என்று அடுத்த இடத்தைக் காட்டும். அங்கேதான் கடைசியில் எண் கிடைக்கும்.

இவ்வளவும் நடக்க ஒரு செகண்டுகூட ஆகாது. இருந்தாலும், ஒவ்வொரு க்ளிக்குக்கும் இத்தனை பேரிடம் கேட்டுக்கிட்டிருக்க முடியுமா? அதனால், ஒருமுறை கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரத்துக்கு ஞாபகம் வெச்சுக்கும். அந்த ஞாபகத்துக்குப் பெயர்தான் கேஷ். பணம் இல்லை பாஸ், இது வேற கேஷ்!

ஞாபகம்தான் பிரச்னையும்

உங்க டெய்லர் கடையை அடுத்த தெருவுக்கு மாத்திட்டார். உங்களுக்குத் தெரியாது. கால் பழக்கத்தில் பழைய தெருவுக்கே போய் நிக்குது. ஷட்டர் மூடியிருக்கு. 'கடையையே இழுத்து மூடிட்டார் போல'ன்னு நினைச்சுக்கிட்டுத் திரும்பி வந்துடுறீங்க. ஆனா அடுத்த தெருவில் கடை ஜோரா நடந்துக்கிட்டிருக்கு. உங்க லேப்டாப்பும் இதையேதான் செய்யுது.

ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் ஆயுள் உண்டு. அதை டி.டி.எல் என்பார்கள். அதை நிர்ணயிப்பது தளத்தை நடத்துகிறவர்கள். 300 செகண்ட் என்று வைத்தால் 5 நிமிடத்தில் பழைய பதில் மறைந்துவிடும். 86,400 செகண்ட் என்று வைத்தால் ஒரு முழு நாள் ஞாபகத்தில் இருக்கும். சர்வர் மாறின அன்னைக்கு இந்த ஆயுள் முடியாத கம்ப்யூட்டர்கள் எல்லாம் பழைய விலாசத்துக்கே போகும். அதனால்தான் ஃப்ரெண்டுக்குத் திறக்குது, உங்களுக்குத் திறக்கலை.

இன்னொரு விஷயமும் இருக்கு. 'அப்படி ஒரு தளமே இல்லை' என்ற பதிலையும் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் ஞாபகம் வெச்சுக்கும். புதுசா வரப்போகிற ஒரு தளத்தை அவசரப்பட்டு முன்னாடியே திறந்து பார்த்திருந்தால், அது வந்த பிறகும் உங்களுக்கு மட்டும் 'இல்லை' என்றே காட்டலாம்.

முதல்ல இந்த டெஸ்ட்டை பண்ணுங்க

எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி, 1 நிமிடம் ஒதுக்கி மூன்று விஷயங்களைப் பாருங்க.

ஒன்று: போனில் வைஃபையை ஆஃப் பண்ணி, மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறங்க. அங்கேயும் திறக்கலைன்னா, வேறு நெட்வொர்க் வெச்சிருக்கிற ஒருத்தரிடம் கேளுங்க. யாருக்குமே திறக்கலைன்னா தப்பு அந்தத் தளத்தில். நீங்க செய்ய ஒண்ணுமில்லை, காத்திருக்கணும்.

இரண்டு: மத்த தளங்கள் திறக்குதா? எதுவுமே திறக்கலைன்னா அது இன்டர்நெட் இணைப்பின் பிரச்னையா இருக்கலாம், அல்லது உங்க டி.என்.எஸ் சர்வரே படுத்திருக்கலாம். ஒரே ஒரு தளம் மட்டும் மக்கர் பண்ணினால், கேஷ் மேல் சந்தேகப்படலாம்.

மூன்று: திரையில் என்ன எழுதியிருக்குன்னு படிங்க. குரோமில் 'டிஎன்எஸ் ப்ரோப் ஃபினிஷ்ட்' என்று தொடங்கும் வரியோ, 'நேம் நாட் ரிசால்வ்ட்' என்ற வரியோ இருந்தால், அது பெயருக்கு எண் கிடைக்காத பிரச்னை. 'டைம்ட் அவுட்' என்று வந்தால், விலாசம் பழசா இருக்கலாம், சர்வர் படுத்தும் இருக்கலாம். 404, 500, 503 மாதிரி எண்கள் வந்தால், நீங்க ஒரு சர்வரைத் தொட்டுட்டீங்க, அங்கிருந்துதான் பதில் வருது. பெரும்பாலும் இதுக்குக் கேஷ் காரணமா இருக்காது.

ரிசல்ட் வரும் நாளில் லட்சக்கணக்கானவங்க ஒரே நேரத்தில் மோதினால் சர்வர் திணறும். அன்னைக்கு எத்தனை முறை கேஷை அழிச்சாலும் பயன் இல்லை.

விண்டோஸ் லேப்டாப்பில் எப்படி?

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து 'சிஎம்டி' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் பண்ணுங்க. கமாண்ட் ப்ராம்ப்ட் வரும். திறந்தால் கறுப்புத் திரை. பயப்பட வேண்டாம்.

அதில் 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்த்து டைப் பண்ணுங்க. பிறகு ஒரு ஸ்பேஸ். பிறகு முன்பக்கம் சாய்ந்த கோடு, அதாவது கேள்விக்குறி இருக்கும் கீயில் இருக்கிற ஸ்லாஷ். அதை ஒட்டியே, இடைவெளி விடாமல் 'ஃப்ளஷ்டிஎன்எஸ்'. என்டர் தட்டுங்க. 'சக்சஸ்ஃபுல்லி ஃப்ளஷ்ட்' என்று ஒரு வரி வந்தால் வேலை முடிஞ்சது. அனுமதி இல்லை, 'எலிவேஷன்' தேவை என்று வந்தால், கமாண்ட் ப்ராம்ப்ட் மேல் ரைட் க்ளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, அதே வரியை மறுபடி அடிங்க.

என்னென்ன ஞாபகத்தில் இருக்குன்னு பார்க்க ஆசையா? ஸ்லாஷுக்குப் பிறகு ஃப்ளஷ்டிஎன்எஸ்ஸுக்குப் பதிலா 'டிஸ்ப்ளேடிஎன்எஸ்' என்று அடிச்சுப் பாருங்க. ஒரு நீளமான பட்டியல் ஓடும். இன்காக்னிட்டோவில் பார்த்த தளத்தின் பெயர்கூட அதில் எட்டிப் பார்க்கலாம். ஹாஸ்டலில் லேப்டாப்பை ரூம்மேட்டோட ஷேர் பண்றவங்க கவனிக்க!

கமாண்ட் எல்லாம் வேண்டாம்னு தோணினால், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினாலும் இந்த ஞாபகம் போய்விடும். ஆனால், ஷட் டவுன் கொடுத்து ஆன் பண்ணாதீங்க. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால், ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் கிடையாது. ரீஸ்டார்ட்தான் முழுசா புதுசா தொடங்கும்.

மேக் வெச்சிருக்கீங்களா?

'டெர்மினல்' ஆப்பைத் திறங்க. 'சூடோ' என்று தொடங்கணும். எழுத்துகள் எஸ், யு, டி, ஓ. ஒரு ஸ்பேஸ் விட்டு 'கில்ஆல்' என்று சேர்த்து எழுதுங்க. இன்னொரு ஸ்பேஸ், ஒரு ஹைபன், அதை ஒட்டி எச், யு, பி என்ற மூன்று கேபிடல் எழுத்துகள். மறுபடி ஒரு ஸ்பேஸ் விட்டு 'எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர்'. இதில் முதல் எம் சிறிய எழுத்து. டி, என், எஸ், அதையடுத்து வரும் ஆர் ஆகியவை கேபிடல்.

என்டர் தட்டினதும் பாஸ்வேர்டு கேட்கும். டைப் பண்ணும்போது திரையில் எதுவுமே தெரியாது, புள்ளிகூட வராது. கீபோர்டு வேலை செய்யலைன்னு நினைச்சுடாதீங்க. முழுசா அடிச்சு என்டர் தட்டுங்க. 'முடிஞ்சது' என்று எந்தச் செய்தியும் வராது. எரர் வரலைன்னா வேலை நடந்துடுச்சுன்னு அர்த்தம்.

பிரவுசருக்கும் தனி ஞாபகம் உண்டு

கம்ப்யூட்டரில் அழிச்சும் சரியாகலைன்னா, பிரவுசரைப் பாருங்க. குரோமின் அட்ரஸ் பாரில் 'குரோம்', முக்கால்புள்ளி, இரண்டு ஸ்லாஷ், 'நெட்', ஹைபன், 'இன்டர்னல்ஸ்', ஸ்லாஷ், ஹேஷ், 'டிஎன்எஸ்' என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடிங்க. 'க்ளியர் ஹோஸ்ட் கேஷ்' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் போதும். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் 'அபவுட்', முக்கால்புள்ளி, 'நெட்வொர்க்கிங்' என்று அடிச்சு, இடது பக்கம் 'டிஎன்எஸ்' பகுதிக்குப் போங்க. அங்கே க்ளியர் பட்டன் இருக்கும்.

பிறகு பிரவுசரை முழுசா மூடித் திறங்க.

போனில் என்ன பண்றது?

போனில் கமாண்ட் எல்லாம் இல்லை. ஏரோப்ளேன் மோடை ஆன் பண்ணி, 10 செகண்ட் கழித்து ஆஃப் பண்ணுங்க. சரியாகலைன்னா போனை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பெரும்பாலும் இதிலேயே வேலை முடிஞ்சுடும். 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' என்பதைக் கடைசி ஆயுதமா வெச்சுக்கோங்க. அது சேவ் பண்ணியிருக்கிற எல்லா வைஃபை பாஸ்வேர்டுகளையும் அழிச்சுடும்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு இடத்தையும் பார்க்கணும். விளம்பரம் வராமல் இருக்க, ஏதோ வீடியோ பார்த்து 'பிரைவேட் டிஎன்எஸ்' செட்டிங்கில் ஒரு பெயரைப் போட்டுட்டு மறந்திருப்பீங்க. ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி இருக்கு. அந்தப் பெயருக்குரிய சர்வர் என்னைக்காவது படுத்தால், உங்க போனில் எந்தத் தளமும் திறக்காது. சிக்னல் முழுசா இருக்கும், நெட் மட்டும் இருக்காது. அந்த செட்டிங்கை 'ஆட்டோமேட்டிக்' என்று மாத்திப் பாருங்க.

இன்னும் திறக்கலையா?

வைஃபை ரவுட்டரும் டி.என்.எஸ் பதில்களை ஞாபகம் வெச்சுக்கலாம். ப்ளக்கை எடுத்து அரை நிமிடம் கழித்து மாட்டுங்க. அதுக்கும் மேலே உங்க இன்டர்நெட் நிறுவனத்தின் சர்வரிலும் பழைய பதில் இருக்கலாம். அதை நீங்க அழிக்க முடியாது. ஆனால், அதைக் கேட்காமல் வேறொருவரைக் கேட்கலாம். லேப்டாப்பின் நெட்வொர்க் செட்டிங்கில் டி.என்.எஸ் எண்ணாக கூகுளின் 8.8.8.8 அல்லது க்ளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்று கொடுக்கலாம். கூகுள் தன் இலவச டி.என்.எஸ் சேவையை 2009-ல் தொடங்கியது. க்ளவுட்ஃப்ளேர் 2018-ல் வந்தது. மாத்துறதுக்கு முன்னாடி பழைய செட்டிங்கை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஆபீஸ், கல்லூரி லேப்டாப்பில் மட்டும் கேட்காமல் மாத்தாதீங்க. உள்ளே மட்டும் இயங்கும் தளங்கள் திறக்காமல் போகலாம்.

இதெல்லாம் கேஷ் பிரச்னை இல்லை

2021 அக்டோபர் 4 இரவு ஞாபகம் இருக்கா? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் சுமார் 6 மணி நேரம் படுத்துச்சு. அந்த நிறுவனத்தின் டி.என்.எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியே இன்டர்நெட்டில் இருந்து மறைஞ்சு போச்சு. எத்தனையோ பேர் போனை ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. அவங்க போனில் ஒரு கோளாறும் இல்லை. மேலே சொன்ன முதல் டெஸ்ட்டைப் பண்ணியிருந்தால், நிம்மதியா தூங்கப் போயிருக்கலாம்.

அரசோ, நீதிமன்றமோ தடை செய்த தளமும், கல்லூரி நெட்வொர்க்கில் பூட்டி வைத்த தளமும் கேஷை அழிப்பதால் திறக்காது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, அழிச்ச பிறகும் சம்பந்தமே இல்லாத பக்கம் திறப்பது. 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற மால்வேர், கம்ப்யூட்டரின் டி.என்.எஸ் செட்டிங்கையே திருடர்களின் சர்வருக்கு மாத்திவிட்டது. உலகம் முழுக்க சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. 2011-ல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ அந்தக் கும்பலைப் பிடித்தது. அங்கே கேஷை அழிச்சுப் பயன் இல்லை, திரும்பக் கேட்டாலும் பதில் சொல்றது திருடன்தானே! இப்படிச் சந்தேகம் வந்தால், டி.என்.எஸ் எண் நீங்க வைத்ததுதானா என்று பாருங்க, ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டுங்க, ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. பேங்க் தளத்தைத் திறக்கும்போது பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால், எவ்வளவு அவசரமா இருந்தாலும் 'ப்ரொசீட்' கொடுக்காதீங்க.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*பாஸ்வேர்டு, போட்டோ எல்லாம் அழிஞ்சுடுமா?* அழியாது. போவது விலாசப் பட்டியல் மட்டும்தான். ஹிஸ்டரி, குக்கீஸ், லாகின் எல்லாம் அப்படியே இருக்கும்.

*இன்டர்நெட் வேகமாகுமா?* ஆகாது. எல்லா விலாசத்தையும் புதுசா கேட்க வேண்டியிருப்பதால், அழிச்சதும் முதல் தடவை துளி தாமதம்கூட ஆகலாம். அதனால் தினமும் பண்ண வேண்டிய வேலை இல்லை இது.

*இதுக்கு ஆப் வேணுமா?* வேண்டாம். 'ஒரே க்ளிக்கில் சரி பண்றோம்' என்கிற க்ளீனர் ஆப்களை நம்பி இன்ஸ்டால் பண்ணாதீங்க. அதேபோல, "நாங்க சரி பண்ணித் தர்றோம், இந்த ஆப்பை டவுன்லோடு பண்ணி கோடு சொல்லுங்க" என்று யாராவது போன் பண்ணினால் கட் பண்ணிடுங்க. உங்க திரை அவங்க கைக்குப் போனால், பேங்க் அக்கவுன்ட்டும் பின்னாடியே போகும்.

கடைசியா ஒரு விஷயம்

வரிசை இதுதான்: போனில் டெஸ்ட், கம்ப்யூட்டர் கேஷ், பிரவுசர் கேஷ், ரவுட்டர், கடைசியா டி.என்.எஸ் எண். இதை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. எல்லாம் சேர்ந்து 10 நிமிடம்தான் ஆகும். ஃபார்மேட் பண்ண லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஓடுவதை இதுக்கப்புறம் யோசிக்கலாம்.

என் சித்தி பொண்ணு இப்போ ஹாஸ்டலில் இருக்கா. போன வாரம் பேசும்போது சொன்னாள். "நெட் பிரச்னைன்னா எல்லாரும் என் ரூமுக்குத்தான் வர்றாங்க அக்கா. லேப்டாப்பைத் தொடவே மாட்டேன். முதல்ல 'மொபைல் டேட்டால ஓப்பன் ஆகுதா?'ன்னுதான் கேட்பேன். பாதிப் பேர் அதுலயே திரும்பிப் போயிடுறாங்க."